இரண்டு புள்ளி நான்கு

ஊத்தான் மெலிந்தாங்கில்
டயர்க்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது
ரத்தச் சுத்திகரிப்பு மையம்.
பதினோரு நாற்காலி. எனக்கு ஏழாவது, ஜன்னலோரம்.
செவ்வாய், வியாழன், சனி.

இந்த மாத முடிவு வந்துவிட்டது:
பாஸ்பேட் இரண்டு புள்ளி நான்கு.
மிஸ்ஸி நோராய்னி தாளைத் தட்டுகிறாள்,
என்ன சாப்பிட்டாய் தவமலர்?
ஒன்றுமில்லை என்றேன்.
அந்த ஒன்றுமில்லைக்குள்
ஒரு தம்ளர் மைலோ இருந்தது,
சம்பந்தி வீட்டு நெத்திலி சம்பல் இருந்தது,
பந்தியில் எடுத்தால் பார்ப்பார்களே என்று
முந்தானையிலேயே முடிந்துவைத்த
இரண்டு சுண்ணாம்பு மாத்திரையும் இருந்தது.

முதுகு அரிக்கிறது.
சொறிந்து சொறிந்து
சீப்புக்கு இரண்டு பல் போயிற்று.

சிரிப்புத்தான் வருகிறது.
இருபத்திரண்டு வருடம்
இதைத்தானே வாளியில் சுமந்தேன்.
கல்லுரம் என்போம். தவிட்டு நிறம்.
ஆளுக்குப் பத்து மூட்டை,
செம்பனை அடியைச் சுற்றி வட்டமாக வீசிக்கொண்டே போகணும்.
மண்டோர் சன்னாசி பின்னாலேயே வந்து
காலிச் சாக்கை எண்ணுவார்.
மூக்குத்தி ஓட்டையில்கூட அப்பியிருக்கும்.
குளித்தால் போய்விடும்,
அப்போது அது வெளியே இருந்தது.

அதனால்தான் வந்ததா என்று டாக்டரைக் கேட்டேன்.
இல்லையாம். சர்க்கரை தின்றுவிட்டதாம் கிட்னியை.
தெலுக் இந்தானிலிருந்து மாதம் ஒரு தரம் வருகிறவர்,
அன்றைக்கு அவசரமில்லாமல் பேசினார்:
பாஸ்பேட்டை எதிரி என்று நினைக்காதீங்க.
அது இல்லாமல் இமைகூடத் தட்ட முடியாது.
உடம்பு செலவழிக்கிற சில்லறையே
மூன்று பாஸ்பேட் கோத்த ஒரு சின்னப் பொருள்,
கடைசி ஒன்று உடைகிறபோதுதான் தெம்பு.
உங்கள் மகனுக்கு உங்கள் மூக்கு போனதும்
அது கைமரம் பிடித்த ஏணி வழியாகத்தான்.

ஏணி புரியவில்லை.
சில்லறை புரிந்தது.
ஆனால் சில்லறை மிஞ்சி
யார் வீட்டிலாவது நோவு வந்ததுண்டா?

ஆறாம் நாற்காலி ஆ குவான்,
மீன் லாரி ஓட்டினவர்.
மாத்திரை எல்லாவற்றையும் சேர்த்து
ராத்திரி படுக்கும்போது விழுங்குகிறாராம்.
எனக்குத் தெரிந்த மலாயில் ஏசினேன்.
அப்புறம் பிளாக் பதினான்கு கதையைச் சொன்னேன்:
சுண்ணாம்பு தூவிய அதே வாரம்
கல்லுரத்தையும் கொட்டிவிட்டோம்.
சின்னதொரை குதித்தார்,
ரெண்டும் கைகோத்து மண்ணிலேயே உட்கார்ந்துவிடும்,
வேருக்கு என்ன போகும், மூளை இல்லையா!
அன்றைக்கு அரைநாள் சம்பளம் பிடித்த அதே தப்பை
இன்றைக்கு வயிற்றுக்குள் செய்யச் சொல்கிறார்கள், ஆ குவான்.
சோறு வாயில் இருக்கும்போதே மெல்லணும்.
சோறில்லாத வயிற்றில்
சுண்ணாம்பு யார் கையைப் பிடிக்கும்?

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.
எனக்கு ஒன்று புள்ளி ஆறு என்றார்.
உனக்கு?

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மெஷின் நாலு மணி நேரம் இழுக்கும்.
இழுத்தும் என்ன, லாலான் புல்தான் அது.
மேலே வெட்டிவிட்டு வீட்டுக்குப் போனால்
பொழுது சாயுமுன்
எலும்புக்குள் கிடந்த கிழங்கிலிருந்து
மறுபடி முளைத்திருக்கும்.
என் எலும்பு எனக்கே இரவல் மாதிரி.
மாடிப்படி இறங்கும்போது முட்டி சொல்லும்,
இன்னும் எவ்வளவு எடுப்பாய் என்று.

கீழே சந்தியில் ஒரு லாரி நிற்கிறது.
தோட்டத்துக்குப் போகிற உரம்.
பழக்கதோஷம், எண்ணிவிட்டேன்:
தெரிகிற வரிசை மட்டும் பதினெட்டு மூட்டை.
மேலே ஒரு பங்களாதேஷ் பையன்,
மூக்கில் துணி கட்டவில்லை.
கட்டுடா என்று கத்த
கண்ணாடி விடாது,
இடது கையில் ஊசி இரண்டு.

இருந்த சில்லறையில் ஒன்றை உடைத்து
வலது கையை ஆட்டினேன்.

அவன் மூட்டைமேல் தூங்கிக்கொண்டிருந்தான்.